மாடித்தோட்டத்துக்கு விதை வெங்காயம்: காசு கொடுக்க வேண்டியது காயின் வயதுக்கு

சின்ன வெங்காயத்தை வீட்டில் போட நினைப்பவர் முன்னால் இன்று நான்கு பொருள்கள் இருக்கின்றன. மளிகைக் கடையில் சாம்பாருக்கு வாங்கும் காய் ஒன்று. மண்டியிலோ விவசாயியிடமோ கிடைக்கும் விதை வெங்காயம் இரண்டாவது. ஆன்லைனில் கால் கிலோ, அரை கிலோ என்று கவரில் வரும் ‘நடவு வெங்காயம்’ மூன்றாவது. நாற்று விடுவதற்கான கோ 5 என்ற சின்ன வெங்காய ரகத்தின் விதைப் பாக்கெட் நான்காவது. ஒரே கூடையில் கலந்து வைத்தால் முதல் மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்துப் பிரிக்க முடியாது. மண்ணுக்குள் போன பத்தாம் நாளில் பிரிந்துவிடும். ஒன்று எல்லாக் காயும் ஒன்றுபோல முளைத்து நிற்கும். இன்னொன்று பாதி முளைத்து, பாதி அழுகி, தொட்டியில் வழுக்கை விழுந்தது போலக் கிடக்கும். இந்த வித்தியாசம் ரகத்தின் பெயரால் வருவதில்லை. அறுத்து எத்தனை நாளான காய் என்பதால் வருகிறது.

அறுத்த உடனே வெங்காயம் உறக்கத்துக்குப் போய்விடும். அந்த உறக்கம் கலைய, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று மாதம் கிடக்க வேண்டும். அதற்கு முன்பு நட்டால் வேர் வரும், குருத்து வராது. ஈர மண்ணில் குருத்தில்லாமல் இருபது நாள் கிடக்கும் காயைப் பூஞ்சை சும்மா விடாது. பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பதில் இதற்கும் பங்குண்டு. தரையிலிருந்து உயர்த்தி, நாலு பக்கமும் காற்று ஊடுருவும்படி அடைத்து, மேலே கூரை போட்ட பட்டறையில் கிடக்கும் காய் விலைக்காகவும் காத்திருக்கிறது, விதைக்காகவும் பக்குவப்படுகிறது. வைகாசிப் பட்டத்தில் நட்டு ஆடி, ஆவணியில் அறுத்து, பட்டறையில் கிடந்து ஐப்பசி, கார்த்திகையில் வெளியே வரும் காய்தான் நடவுக்கு நல்ல காய். வாங்கும்போது ரகத்தைக் கேட்பதற்கு முன்னால் ‘எப்போ அறுத்தது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் நடவுக்குக் காய் வாங்க வேண்டாம்.

மளிகைக் கடைக் காயை முழுதாக ஒதுக்கிவிட மாட்டோம். அதுவும் அதே சின்ன வெங்காயம்தான், நட்டால் வளரும். சிக்கல் என்னவென்றால் ஒரு கிலோவுக்குள்ளேயே மூன்று அறுவடைக் காய் கலந்திருக்கும். புதுக்காய், பழைய காய், ஈரம் பட்ட காய் எல்லாம் ஒரே தட்டில் வரும். தோல் பளபளப்பாக இளஞ்சிவப்பில், கழுத்து இன்னும் சதைப்பற்றோடு, கையில் கனமாக இருந்தால் அது புதுக்காய். சமையலுக்கு அதுதான் ருசி; நடவுக்கு உதவாது. தோல் காய்ந்து சருகாகி, கழுத்து நூலாகச் சுருங்கி, உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் கேட்டால் அது நடவுக் காய். பொறுக்கி எடுக்கவிடும் கடையாக இருந்தால் ஒரு கிலோவில் கால் கிலோவாவது தேறும். வீட்டில் சமையலுக்கு வாங்கி வைத்த காய் கூடையிலேயே முளைவிட்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் நடலாம். உறக்கம் கலைந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. முளை இரண்டு அங்குலம் தாண்டியிருந்தால் மட்டும், காய் தன் சத்தை ஏற்கெனவே செலவழித்திருக்கும். அது வெங்காயத்தாளுக்கு ஆகும், காய்க்கு ஆகாது.

விவசாயியிடமோ, திண்டுக்கல் வெங்காயப் பேட்டை போன்ற மொத்த மண்டியிலோ விதைக்கென்று கேட்டு வாங்குவதைத்தான் இந்த நான்கில் முதலிடத்தில் வைப்போம். விலை சமையல் காயைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மூன்று மாதம் வைத்திருந்தவருக்குக் காய்ந்து குறைந்த எடையும், அழுகிக் கழிந்த காயும் நட்டம். அது விலையில் சேரும். அதைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மண்டியில் ஐந்து கிலோ, பத்து கிலோவுக்குக் கீழே பெரும்பாலும் தர மாட்டார்கள். ஒரு மாடித்தோட்டத்துக்குக் கால் கிலோ போதும். நடவுக்கு ஏற்ற 4, 5 கிராம் காயாக இருந்தால் கால் கிலோவில் 50, 60 காய் நிற்கும். அதனால் தெருவில் நாலைந்து வீட்டுத் தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதுதான் தோதுப்படும்.

ஆன்லைன் கவர்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காய் நல்ல காயாகவே கிளம்பியிருக்கலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் அடைத்து நான்கைந்து நாள் வண்டியில் வரும்போது காய் விடும் மூச்சே கவருக்குள் வியர்வையாகப் படிகிறது. வந்து சேரும்போது மேல்தோலுக்கடியில் கரித்தூள் போன்ற கருப்புப் பூஞ்சை பிடித்திருக்கும். தோலோடு நின்றிருந்தால் உரித்துவிட்டு நடலாம். சதையில் இறங்கியிருந்தால் குப்பைக்குத்தான். வலைப்பையிலோ, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியிலோ அனுப்புபவர்களிடம் மட்டும் வாங்குவது நல்லது. வந்தவுடன் பிரித்து, நிழலில் செய்தித்தாளில் பரப்பி ஒரு நாள் காயவிட்டு, பிறகு எண்ணிப் பாருங்கள். பத்துக்கு எட்டு நல்ல காயாக இல்லாவிட்டால் படம் எடுத்துத் திருப்பிக் கேட்கத் தயங்க வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் ரகம் என்று ‘நாட்டு வெங்காயம்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அறுத்த மாதம் எழுதுவதில்லை. நடவுக் காயில் வாங்குபவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.

இதே தளங்களில் ஐரோப்பியப் பெரிய வெங்காயத்தின் நடவுக் காய்களும் விதைகளும் அழகான படத்தோடு விற்பனைக்கு வருகின்றன. அவற்றைத் தமிழ்நாட்டில் வாங்கவே வேண்டாம். வெங்காயம் காய் கட்டுவதைப் பகல் நேரத்தின் நீளம் தீர்மானிக்கிறது. குளிர்நாட்டு ரகங்களுக்கு 14 மணி நேரமோ அதற்கு மேலோ பகல் வேண்டும். நம் ஊரில் ஆனி மாதத்து நெடும்பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. எத்தனை உரம் போட்டாலும் தாள் மட்டும் தழைத்துக்கொண்டிருக்கும், அடியில் காய் திரளாது. விற்பவர் இதை எழுதாமல் விடுவது வாங்குபவரின் ஒரு பருவ உழைப்பை வீணாக்குகிறது.

பெல்லாரியை, அதாவது சமையலறைப் பெரிய வெங்காயத்தை, அப்படியே நடலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. முழுதாக வளர்ந்து முடித்த காய் அது. நட்டால் அடுத்த வேலையாகப் பூத்தண்டு விடும், இரண்டு மூன்றாகப் பிளக்கும், சந்தையில் பார்க்கும் உருண்டைக் காயாக மறுபடி ஆகாது. தாள் அறுத்துப் பொரியலுக்கு எடுக்க மட்டும் நடலாம். பெரிய வெங்காயத்தைக் காயாக நட்டு எடுப்பது வட மாநிலங்களில் மழைக்காலப் பயிருக்கு நடக்கிறது. அதற்கென்று தை, மாசியில் நெருக்கமாக நாற்று விட்டு, கோலிக்குண்டு அளவு குட்டிக்காயாகவே அறுத்து, ஆவணி வரை காய வைத்து நடுகிறார்கள். சமையலறைக் காய் அந்த வேலையைச் செய்யாது.

இனி கோ 5 விதை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர் வெளியீடான இந்த ரகம் சின்ன வெங்காயத்தில் தனித்து நிற்பதற்குக் காரணம், பூத்து விதை பிடிப்பது. கோ 4 போன்ற முந்தைய ரகங்களைக் காயாக நட்டுத்தான் பெருக்க வேண்டும். வயலுக்கு இது பெரிய மாற்றம். ஒரு ஹெக்டேருக்குக் காயாக நட்டால் 1,500 கிலோ வரை வேண்டும்; விதையாக என்றால் 2.5 கிலோ போதும். மூட்டை மூட்டையாகக் காய் வாங்கும் செலவும் இல்லை, பழைய காயோடு வரும் நோயும் குறைவு. ஆனால் மாடியில் இரண்டு பை போடுபவருக்கு அந்தச் சிக்கனத்தால் பெரிய பலன் இல்லை. நாற்று 40, 45 நாள் நிற்க வேண்டும்; மயிரிழை போன்ற நாற்றை எடுத்து நடும்போது கை தவறினால் போயிற்று. வெங்காய விதைக்கு ஆயுளும் குறைவு. ஒரு வருடத்துக்குள் முளைப்புத்திறன் சட்டென்று இறங்கும். பாக்கெட் வாங்கினால் முளைப்புத்திறன் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அச்சிட்டிருக்கிறதா, சோதித்த தேதி எது என்ற இரண்டையும் பாருங்கள். காயாக நட்டால் 60, 65 நாளில் கையில் வெங்காயம் இருக்கும். முதல் முறை போடுபவருக்குக் காயே நல்லது.

எந்த வழியில் வாங்கினாலும் நடுவதற்கு முன் இரண்டு காயை வெட்டிப் பார்த்துவிடுங்கள். ஒன்றை நெடுக்காக வெட்டினால் நடுவில் பச்சைக் குருத்து தெரியும். குருத்து காயின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தால் உடனே நடலாம். அடியில் பொட்டாக மட்டும் இருந்தால் இன்னும் பதினைந்து நாள் காற்றாடப் போட்டு வையுங்கள். இன்னொரு காயை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறுக்காக வெட்டுங்கள். உள்ளே எத்தனை கண், அதாவது முளைப்பகுதி, தனித்தனியாகத் தெரிகிறதோ, ஏறக்குறைய அத்தனை கிளை தொடக்கத்தில் பிரியும். இரண்டு மூன்று கண் இருந்தால் நல்ல காய். ஒற்றைக் கண் காய் பிரியாது என்றில்லை. கொத்து சிறியதாக இருக்கும். வெட்டிய இரண்டும் அன்றைக்குத் தாளிப்புக்கு ஆகிவிடும்.

அளவில் நடுத்தரம்தான் சரி. குன்றிமணியைவிடச் சற்றுப் பெரிதான பொடிக்காயில் முளை மெலிந்து வரும். பெரிய காயை நட்டால் கொத்து பெருக்கும் என்றாலும், கிலோவுக்கு எண்ணிக்கை குறைவதால் செலவு ஏறிவிடும். அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வேர்த்தட்டில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சையோ, விரலால் அழுத்தினால் அமுங்கும் மென்மையோ இருந்தால் அந்தக் காயை எடுக்க வேண்டாம். அடியழுகல் நோய் வீட்டுத்தொட்டிக்குள் நுழைவதற்கு மிகப் பெரிய வழி இந்தக் காய்தான். ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் அந்த மண்ணில் பல வருடம் தங்கிவிடும்.

பையைப் பொறுத்தவரை, வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது, அகலம்தான் தேவை. 15 அங்குல உயரமான தக்காளிப் பையை வாங்கி அதில் வெங்காயம் போடுவது மண்ணுக்கும் மாடிக்கும் வீண் பாரம். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 9 அங்குல உயரமுள்ள கீரைப் பை கச்சிதம். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, காய்க்குக் காய் நான்கு அங்குலம் வைத்தால் மூன்று வரிசையில் ஆறு ஆறாக 18 காய் நடலாம். கால் கிலோ காய் மூன்று பைக்குச் சரியாக இருக்கும். இன்னும் நெருக்கி நட்டால் எண்ணிக்கை கூடும், காய் பட்டாணி அளவில் நின்றுவிடும். இந்தப் பையை வாங்கும்போது பார்க்க வேண்டியது அடியில் எத்தனை வடிகால் துளை என்பதுதான். ஓரத்தில் மட்டும் நான்கு துளை விட்டிருப்பார்கள். நடுவிலும் இரண்டு வேண்டும். இல்லாவிட்டால் சூடாக்கிய கம்பியால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டக் கடைகள் விற்கும் தயார் மண்கலவையில் வெங்காயத்துக்கு ஒரு கோளாறு உண்டு. பாரம் குறைய வேண்டும் என்று கோகோ பீட்டை (தென்னை நார்க்கழிவை) முக்கால் பங்கு சேர்த்துவிடுகிறார்கள். கீரைக்கு அது நல்லதுதான். வெங்காயத்துக்கு அந்த ஈரம் அடியைக் காயவிடாது, வேர் விட்ட காயும் இலகுவான கலவையில் தானாகவே மேலே எழும்பிச் சாய்ந்துவிடும். இந்தப் பைக்கு ஏறக்குறைய 35 லிட்டர் கலவை வேண்டும். செம்மண் 15 லிட்டர், நன்றாக மக்கிய தொழுவுரம் 10, கழுவிய மணல் 5, கோகோ பீட் 5, அதோடு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். கலந்து தண்ணீர் தெளித்து ஒரு வாரம் விட்டுவிட்டு நடுங்கள். மக்காத சாணம் சேர்ந்தால் சூட்டில் வேர் கருகும், புழுவும் வரும்.

நடும் நாளில் காயின் சருகுத் தோலையும் காய்ந்த வேரையும் கையால் தேய்த்து எடுங்கள். முழுதாக உரிக்கக் கூடாது. மேல்நுனி வாலைக் கத்தியால் சதையோடு நறுக்குவதும் வேண்டாம். வெட்டுவாய் வழியாக நீர் இறங்கி அழுகும். அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகளை, ஒரு கிலோ காய்க்கு டிரைக்கோடெர்மா விரிடி 5 கிராம், சூடோமோனாஸ் 5 கிராம் என்ற கணக்கில் சேர்த்து, ஆறிய கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர விடுங்கள். கால் கிலோவுக்கு ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குச் சற்று மேலே, கால் தேக்கரண்டி அளவு. இந்தப் பொடிகளை வாங்கும்போது காலாவதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள். உள்ளே இருப்பது உயிருள்ள நுண்ணுயிர். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட் வெறும் மாவுதான்.

ஈர மண்ணில் வேர்ப்பக்கம் கீழாக, தோள் வரை புதையும்படி, நுனி மண்மட்டத்தில் தெரியும்படி அழுத்துங்கள். ஆழமாகப் புதைத்தால் காய் திரள இடமில்லாமல் கழுத்து தடிக்கும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதாவது வேர் பிடிக்க விடும் இரண்டாம் தண்ணீர். நான்காம் நாள் ஒருமுறை பார்த்து, எழும்பிய காய்களை மெல்ல அழுத்தி உட்கார வையுங்கள். காக்கையோ அணிலோ பிடுங்கிப் போட்டதாகப் பலர் நினைப்பது பெரும்பாலும் இப்படி வேர் தள்ளி எழும்பிய காய்தான். அதன்பிறகு வயலில் வாரம் ஒரு தண்ணீர் என்பார்கள். மாடிப் பையில் அந்தக் கணக்கு நிற்காது. மேல்மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டு, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கோடையில் தினமும் தேவைப்படலாம், தையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும்.

வயலுக்குச் சொல்லும் பட்டம் சித்திரை–வைகாசியும் ஐப்பசியும். மாடிக்கு, அதிலும் சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில், ஐப்பசி நடவைத் தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை பையை ஊறவைத்துவிடும். தாளில் ஊதா நிறப் புள்ளி விழுந்து நுனியிலிருந்து கருகும், தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோயும் அந்த ஈரத்தில்தான் வரும். தை மாதம் நட்டுப் பங்குனியில் எடுப்பது மாடிக்கு எல்லா வகையிலும் ஒத்துப்போகிறது. பனி விலகும், மழை இல்லை, அறுத்த காயை நிழலில் காயவைக்க உலர்ந்த நாள்களும் இருக்கும். பட்டறைக் காய் கிடைக்கும் பருவமும் அதையொட்டியே வருகிறது.

வறண்ட வெயிலில் வரும் ஒரே பெரிய தொல்லை இலைப்பேன். தாளில் வெள்ளிக் கீறல் போலக் கோடு விழுந்தால் நடுக்குருத்தின் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் துரும்பு போல ஊர்ந்துகொண்டிருக்கும். நீல நிற ஒட்டும் அட்டை பைக்கு ஒன்று கட்டலாம். மஞ்சளைவிட நீலத்துக்கு இது நன்றாக வந்து ஒட்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி, மாலையில், மருந்து குருத்தின் இடுக்குக்குள் இறங்கும்படி தெளியுங்கள். தாளின் மேல் மெழுகு இருப்பதால் சோப்பு சேர்க்காவிட்டால் மருந்து உருண்டு கீழே விழுந்துவிடும்.

உரத்தில் மிதமாக இருங்கள். 15ஆம் நாளிலும் 30ஆம் நாளிலும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இடையில் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் ஒருமுறை. 40ஆம் நாளுக்கு மேல் தழைச்சத்துத் தரும் எதையும் கொடுக்காதீர்கள். தாள் கருகருவென்று நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அப்படி வளர்ந்த காயின் கழுத்து காய்ந்து மூடாது, வைத்திருந்தால் இரண்டு வாரத்தில் அழுகும்.

தாள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பிடுங்குங்கள். ஒரு காய்க்கு 30லிருந்து 40 கிராம் கொத்து என்று வைத்துக்கொண்டால் ஒரு பையில் 550லிருந்து 700 கிராம் வரை எதிர்பார்க்கலாம். நட்டது 80, 90 கிராம். ஆறிலிருந்து எட்டு மடங்கு வரை. ‘ஒன்று நட்டால் இருபது’ என்று விளம்பரத்தில் வருவதை நம்பி வாங்க வேண்டாம். பிடுங்கியதைத் தாளோடு நிழலில் பரப்பி, ஒரு கொத்தின் தாள் அடுத்த கொத்தின் காயை மூடும்படி அடுக்கி, மூன்று நாள் வாடவிடுங்கள். நேர் வெயில் பட்டால் காயின் தோள் வெந்து வெளுக்கும். கழுத்து நூலானதும் தாளைப் பின்னிக் கொத்தாகக் கட்டிச் சமையலறைக்கு வெளியே, காற்று வரும் இடத்தில் தொங்கவிடலாம்.

அடுத்த நடவுக்கு வெளியே போய் வாங்க வேண்டியதில்லை. நோய் தொடாத, ஐந்தாறாகப் பிரிந்த கொத்துகளிலிருந்து நடுத்தரக் காய் கால் கிலோ மட்டும் பிரித்து, வலைப்பையில் போட்டு, அறுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வைத்திருக்கும்போது எடை குறையும், சிலது கெடும். அதனால் தேவைக்குமேல் 100 கிராம் சேர்த்து எடுத்து வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பையைக் கொட்டி, அமுங்கும் காயைக் கழித்துவிடுங்கள். அடுத்த முறை அவற்றை வேறு பையில் நடுங்கள்; போன முறை வெங்காயம் நின்ற மண்ணில் கொத்தவரையோ கீரையோ போடலாம்.